நுரையீரல் தழும்பு: மூலிகைப் பொடிக்காக மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி நெய்து, பிறகு சொந்தமாகத் தறிகள் போட்டு நடத்தியவர். சர்க்கரை நோய் உண்டு. இரண்டு வருடமாக வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வேலூரில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும் தழும்பு இருப்பதாகச் சொன்னார்கள். ஐந்து மாதமாகப் பிர்ஃபெனிடோன் மாத்திரை சாப்பிடுகிறார். அதைச் சாப்பிட்டால் குமட்டுகிறது, வெயிலில் போனால் முகமும் கையும் கறுத்து எரிகின்றன, தழும்பும் குறையவில்லை என்று வெறுத்துப் போயிருக்கிறார். மூலிகைச் சாறு நுரையீரல் தழும்பைக் கரைப்பதாக ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள் என்று சித்தப்பா ஒரு வீடியோவைக் காட்டினார். மலையடிவாரத்தில் ஒருவரிடம் பொடியும் வாங்கி வந்துவிட்டார். ஒரு மண்டலம் சாப்பிட வேண்டுமாம். அந்த 48 நாளும் இங்கிலீஷ் மருந்தைத் தொடக் கூடாதாம். மூலிகைதானே, பக்க விளைவு கிடையாது என்கிறார். வெயில் வந்துவிட்டால் அப்பா கூலர் இல்லாமல் தூங்கமாட்டார், இப்போது அதன் காற்றிலும் இருமுகிறார். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயே தீருவேன் என்கிறார். அந்தப் பொடியைக் கொடுக்கலாமா? இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா? அப்பா இன்னும் எவ்வளவு காலம் இருப்பார் என்று யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.
— வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் நீங்கள் இன்றே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிர்ஃபெனிடோன் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பொடியை இப்போதைக்கு ஆரம்பிக்க வேண்டாம். தூக்கி எறியவும் வேண்டாம், பொட்டலத்தோடு எடுத்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதையும் கையோடு கொண்டு போங்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டு வேளை சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வேலூரில் நுரையீரல் நோயாளிகளைப் பார்க்கும் எங்களுக்குப் பெரிய சிக்கலே, வீட்டில் கஷாயமும் பொடியும் ஓடிக்கொண்டிருப்பதை யாரும் வாய்திறந்து சொல்லாததுதான். 'டாக்டர் திட்டுவார்' என்ற பயம். திட்டுகிற டாக்டரிடம்கூடச் சொல்லிவிடுங்கள், பரவாயில்லை.

இனி காரணங்களைச் சொல்கிறேன். உங்கள் சித்தப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். அண்ணன் மேல் உள்ள பாசத்தில்தான் அவர் அலைந்திருக்கிறார். அவரை எதிராளியாக்கிவிட்டால் இந்த வீட்டில் மருத்துவம் நடக்காது.

நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் மிக மெல்லியது; அதைக் கடந்துதான் பிராணவாயு ரத்தத்துக்குள் போகிறது. ஏதோ ஒரு காரணத்தால் இந்தச் சுவரின் உள்வரிசைச் செல்கள் திரும்பத் திரும்பப் புண்படும்போது, ஆற்றுவதற்காக உடல் 'கொலாஜன்' என்னும் நார்ப்புரதத்தை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. புண் ஆறியதும் அந்த வேலை நிற்க வேண்டும். இந்த நோயில் நிற்பதில்லை. சுவர் தடித்து விறைத்துப் போகிறது. முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், மூச்சை உள்ளே இழுக்கும்போது வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சத்தம் கேட்கும்.

நோய் சுவரில் இருக்கிறது, சளியில் இல்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆடாதோடை, தூதுவளை, கண்டங்கத்திரி, திப்பிலி, சிற்றரத்தை என்று இருமலுக்கு நம் ஊரில் வழிவழியாகப் பயன்படுகிற மூலிகைகள் பெரும்பாலும் கபத்தை இளக்கி வெளியேற்றவும் இழுப்பைத் தணிக்கவும் வந்தவை. அந்த வேலையை அவை செய்யும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆடாதோடையில் உள்ள 'வாசிசின்' என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தே உருவானது. இன்று மருந்துக்கடையில் விற்கும் இருமல் சிரப்புகள் பலவற்றில் அதுவோ அதன் வழிவந்த அம்ப்ராக்சாலோ இருக்கிறது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு இளக்குவதற்குச் சளியே இல்லை. வறட்டு இருமல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விறைத்த சுவரில் உள்ள கொலாஜனை ஆடாதோடை மணப்பாகு கரைக்காது. சர்க்கரைப் பாகில் செய்தது என்பதால் அவருடைய ரத்தச் சர்க்கரையைத்தான் ஏற்றும்.

அப்படியானால் அந்த வீடியோவில் சொன்ன ஆராய்ச்சி பொய்யா? பொய் இல்லை. அது எதைப் பற்றிய ஆராய்ச்சி என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

நம் பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக்காரர்கள் எல்லாருக்கும் சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தெரியும். தோல் என்பதே கொலாஜன்தான் என்பதால், அந்தப் புரதத்தை நுணுக்கமாகப் படித்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், மஞ்சளில் உள்ள குர்க்குமின் எலிகளின் நுரையீரலில் தழும்பு படிவதை வெகுவாகக் குறைத்தது. நேர்மையான ஆய்வு, நல்ல ஆய்வு. அதன் பிறகு நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு, அமுக்கராவின் வித்தாஃபெரின், கருஞ்சீரகத்தின் தைமோகுயினோன், அதிமதுரத்தின் கிளிசிரைசின் என்று ஒவ்வொன்றாக எலிகளில் சோதித்து, ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'தழும்பு குறைந்தது' என்றே எழுதினார்கள். டெல்லியில் உள்ள ஐ.ஜி.ஐ.பி. ஆய்வு நிறுவனம் 2021-ல் ஆடாதோடைச் சாற்றையும் இப்படிச் சோதித்தது. எலிகளுக்கு அதிலும் பலன் தெரிந்தது.

இந்த எலிகளுக்கு நோய் எப்படி வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ப்ளியோமைசின் என்று ஒரு புற்றுநோய் மருந்து உண்டு. நுரையீரலைத் தழும்பாக்குவது அதன் அறியப்பட்ட பக்க விளைவு. அதை எலியின் மூச்சுக்குழாயில் செலுத்துவார்கள். முதல் வாரம் நுரையீரல் அழன்று வீங்கும். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் தழும்பு படியும். இளம் எலிகளில் அந்தத் தழும்பு அதற்குப் பிறகு தானாகவே ஓரளவு கலைந்தும் போகும். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது அப்படித் தானாகக் கலைகிற தழும்பு இல்லை.

அடுத்தது, மருந்து கொடுத்த நேரம். தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வில் ப்ளியோமைசின் கொடுப்பதற்குப் பத்து நாள் முன்பிருந்தே குர்க்குமின் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மூலிகை ஆய்வுகள் பலவற்றிலும் இதே வழக்கம்தான்: புண் வருவதற்கு முன்போ, வந்த அன்றோ மருந்தைத் தொடங்குவது. அது வரும்முன் காப்பது. இரண்டு வருடம் இருமி, ஸ்கேனில் தழும்பு தெரிந்த பிறகு கொடுப்பது முற்றிலும் வேறு சோதனை.

அளவையும் பாருங்கள். அந்த எலிகளுக்குக் கொடுத்தது ஒரு கிலோ எடைக்கு 300 மில்லிகிராம் குர்க்குமின். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற மருந்தியலில் ஒரு கணக்கு இருக்கிறது. அதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 3 கிராம் குர்க்குமின் வருகிறது. மஞ்சள்தூளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான். அதாவது நாள் ஒன்றுக்கு 100 கிராம் மஞ்சள்தூள். ஒரு குடும்பம் ஒரு மாதம் குழம்பு வைக்கிற மஞ்சளை ஒரே நாளில் விழுங்கினாலும், குர்க்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது சொற்பம். போனதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடும். அந்த ஆய்வு வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. நெஞ்சக மருத்துவச் சங்கங்களின் சர்வதேச வழிகாட்டு நெறிமுறைகளில் மஞ்சளோ வேறு எந்த மூலிகைச் சாறோ இந்நோய்க்கான சிகிச்சையாக இதுவரை இடம்பெறவில்லை.

மூலிகை என்பதால் நான் தள்ளுகிறேன் என்று சித்தப்பா நினைத்துவிடக் கூடாது. எலியில் ஜெயித்து மனிதரிடம் தோற்ற ஆங்கில மருந்துகளும் வரிசையாக இருக்கின்றன. ரத்தப் புற்றுநோய்க்கு அருமையாக வேலை செய்கிற இமாட்டினிப் எலியின் நுரையீரல் தழும்பையும் தடுத்தது. மனிதர்களிடம் சோதித்து 2010-ல் முடிவு வந்தபோது பலன் எதுவும் இல்லை. காமா இன்டர்ஃபெரான் ஊசியை 826 நோயாளிகளிடம் சோதித்து, உயிர் காப்பதில் பயனில்லை என்று 2007-ல் கைவிட்டார்கள். இதைவிடக் கசப்பான கதை ஒன்று உண்டு. பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டு, அசதயோப்ரின், அசிட்டைல்சிஸ்டீன் ஆகிய மூன்றையும் சேர்த்து இந்நோய்க்குக் கொடுப்பது உலகெங்கும் பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் ஒரு பாதிப் பேருக்கு இவற்றையும் மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்துச் சோதித்தார்கள். மருந்து சாப்பிட்ட 77 பேரில் 8 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 78 பேரில் ஒருவர். 2011-ல் அந்தப் பிரிவை உடனடியாக நிறுத்தினார்கள். நல்லது என்று நம்பி வருடக்கணக்கில் கொடுத்த மருந்து ஆளைக் கொன்றுகொண்டிருந்தது, ஒழுங்காகச் சோதிக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சோதனையைத்தான் நான் மூலிகையிடமும் எதிர்பார்க்கிறேன், கூடுதலாக எதையும் கேட்கவில்லை.

தாவரப் பொருளை மனிதர்களிடம் கொண்டுபோன முயற்சியே இல்லை என்றும் சொல்ல முடியாது. வெங்காயத்தில் உள்ள குவெர்செட்டினை தாசாட்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரையோடு சேர்த்து, நுரையீரல் தழும்பு உள்ள 14 பேருக்கு மூன்று வாரம் கொடுத்துப் பார்த்து, 2019-ல் வெளியிட்டார்கள். நடக்கும் தூரம் சற்றே கூடியது. நுரையீரலின் கொள்ளளவில் மாற்றமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரைப் பிரிவும் இல்லை. இதை வைத்து வெங்காயச் சாறு குடிக்கச் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் இது சரியான திசையில் வைத்த அடி, தொடர வேண்டும் என்பேன். மலேரியாக் காய்ச்சலுக்கு ஆர்ட்டிமிசினின் இப்படித்தான் ஒரு செடியிலிருந்து வந்தது. அதைப் பிரித்தெடுத்த சீன அறிவியலாளர் தூ யூயூவுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்திய கல்யாணியிலிருந்துதான் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் கிடைத்தது. நாளை தழும்புக்கும் ஒரு செடி வழி காட்டலாம். இன்று உங்கள் வீட்டில் இருக்கும் பொட்டலம் அது இல்லை.

'பக்க விளைவு கிடையாது' என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. ஜப்பானில் ஷோ-சைக்கோ-டோ என்ற பாரம்பரிய மூலிகைக் கூட்டுமருந்தைக் கல்லீரல் நோயாளிகளுக்கு ஏராளமாகக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு நுரையீரல் சுவரே அழன்று பத்துப் பேர் இறந்துபோனதாக 1996-ல் அந்நாட்டு அரசு எச்சரிக்கை விடுத்தது. இதே தழும்பு நோயின் உறவுக்கார நோய் அது, வந்தது மூலிகையால். இன்னொன்று நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. வைட்டமின் கீரை என்று நர்சரியில் விற்கிற தவசிக்கீரையை, 1994-95 வாக்கில் தைவானில் உடல் மெலிவதற்காகப் பச்சையாக அரைத்துச் சாறு குடித்த பெண்கள் பலருக்கு மூச்சுச் சிறுகுழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டன. சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை வரை போனது. சமைத்து எப்போதாவது சாப்பிடுகிற கீரை வேறு. அதையே நாள்தோறும் படிக்கணக்கில் சாறாகக் குடிப்பது வேறு.

பழகிய சரக்குகளிலும் கவனம் வேண்டும். அதிமதுரத்தை வாரக்கணக்கில் நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். நீர் பிரியும் மாத்திரையோ ஸ்டீராய்டோ சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். கொரோனா காலத்தில் சீந்தில் பொடி சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வழக்கு யார் பக்கம் தீர்ந்தாலும், உங்கள் அப்பாவுக்கு இது முக்கியம்: பிர்ஃபெனிடோனே கல்லீரலைச் சிலருக்குத் தொந்தரவு செய்யும் மருந்து. அதனால்தான் முதல் ஆறு மாதம் மாதா மாதமும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை. அதோடு இன்னதென்று தெரியாத ஒரு பொடியைச் சேர்த்தால், நாளை கல்லீரல் எண்கள் ஏறும்போது எதை நிறுத்துவது என்றே புரியாது. பலனுள்ள மாத்திரைதான் பழி சுமந்து நிறுத்தப்படும். இந்நோய்க்குள்ள இன்னொரு மாத்திரையான நின்டெடானிபுக்கு மாற்றினாலும் எச்சரிக்கை தேவை. மிளகு, திப்பிலியில் உள்ள பைப்பரின் குடலில் மருந்துகளைத் தடுத்து நிறுத்தும் புரதத்தை மந்தப்படுத்தி, மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். ரசத்தில் போடுகிற மிளகைச் சொல்லவில்லை; திரிகடுகச் சூரணத்தைக் கரண்டி கரண்டியாகச் சாப்பிடுவதைச் சொல்கிறேன்.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவர் எழுதித் தரவில்லை என்றால் அதைத் தொடவே தொடாதீர்கள். பெயரில்லாத மூச்சுப் பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலப்பது நம் நாட்டில் நடக்கிறது. அதை எப்படி அடையாளம் காண்பது? சாப்பிட்ட இரண்டு மூன்று நாளிலேயே பசி பிய்த்துக்கொண்டு எடுக்கும், மேல்வலி பறந்துபோகும், தெம்பாக இருக்கும். 'மூலிகை எப்படிப் பிடித்துக்கொண்டது பார்' என்பார்கள். மூன்று வாரத்தில் முகம் உப்பும். சர்க்கரை 300-ஐத் தாண்டும். பிறகு திடீரென்று நிறுத்தினால் ஆள் படுத்துவிடுவார். பற்பம், செந்தூரம் கலந்தது என்றால் பாதரசமும் ஈயமும் பற்றிய கவலை தனி.

48 நாள் கணக்கிலும் ஒரு வலை இருக்கிறது. இந்த நோய் நாளுக்கு நாள் இறங்குவதில்லை. சில மாதம் அப்படியே நிற்கும், பிறகு ஒரு படி இறங்கும். அதனால்தான் ஊதிப் பார்க்கும் சோதனையை மூன்று முதல் ஆறு மாத இடைவெளியில் எடுத்து ஒப்பிடுகிறோம். மாத்திரையை நிறுத்தியதும் குமட்டல் போகும், வாய்க்கு ருசி வரும், உடம்பு லேசாகும். பொடி வேலை செய்கிறது என்று எல்லாரும் நம்புவீர்கள். அந்த நேரத்தில் நுரையீரலில் ஏறுகிற தழும்பு வெளியே தெரியாது. ஏறியது திரும்ப இறங்காது.

மாத்திரையின் மேல் அப்பாவுக்குள்ள வருத்தமும் நியாயமானது. தழும்பு குறையும் என்று எதிர்பார்த்துச் சாப்பிடுகிறார், அது குறைக்காது. மேலும் பரவுவதை மெதுவாக்கும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவு' எவ்வளவு என்று காட்டுகிறேன். நின்டெடானிபை ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் ஓராண்டு சோதித்தபோது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆண்டுக்குச் சுமார் 240 மில்லி மூச்சுக் கொள்ளளவை இழந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்கள் சுமார் 115 மில்லி. ஏறக்குறைய பாதி. பிர்ஃபெனிடோனும் 555 பேரிடம் நடந்த சோதனையில் வேகமாகச் சரிகிறவர்களின் எண்ணிக்கையைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது. இரண்டுக்கும் 2014-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அந்த 125 மில்லி வித்தியாசத்தை அப்பா உணரமாட்டார். ஆனால் இரண்டு மூன்று ஆண்டில் அது கழிவறை வரை தனியாக நடந்து போகிறாரா இல்லையா என்பதாக வந்து நிற்கும். இதை முதல் நாளே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீங்களாவது இன்று சொல்லுங்கள்.

குமட்டலுக்கு வழி இருக்கிறது. இந்த மாத்திரையை வெறும் வயிற்றிலோ டீயோடோ போடவே கூடாது. இலையில் பாதி சாப்பாடு முடிந்ததும் மாத்திரை, பிறகு மீதிச் சாப்பாடு. மூன்று வேளையும் இப்படிச் செய்யட்டும். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்துகிறவர் என்றால் இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும். அப்படியும் தாங்கவில்லை என்றால் மருத்துவர் அளவைக் குறைத்து, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுவார். அதுவும் ஒத்துவராவிட்டால் நின்டெடானிபுக்கு மாற்றலாம். அதற்கு வயிற்றுப்போக்கு வரும், அதையும் சமாளிக்கலாம். பீடி, சிகரெட் இருந்தால் அறவே நிறுத்த வேண்டும். புகை இந்த மாத்திரையின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். காய்ச்சலுக்கு வேறு மருத்துவரிடம் போனால் பிர்ஃபெனிடோன் சாப்பிடுவதைச் சொல்லுங்கள்; சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் அதன் அளவை ஏற்றிவிடும்.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிர்ஃபெனிடோன் சாப்பிடுகிறவரின் தோலுக்கு அது இரட்டை வெயில். சிரசு விழாவுக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வருடம் ஒரு நாள் அம்மனைப் பார்க்க ஆசைப்படுகிறவரை வீட்டில் பூட்டி வைக்க எந்த மருத்துவமும் இல்லை. அதிகாலையில் அழைத்துப் போங்கள். முழுக்கைச் சட்டை, குடை, தலையில் துண்டு; முகம், காது, கழுத்து, புறங்கைகளில் மருத்துவர் எழுதித் தரும் சன்ஸ்கிரீன். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். நெரிசலிலும் கற்பூரப் புகையிலும் நிற்க வேண்டாம். சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை ஏதாவது ஊர்வலப் பாதையில் இருந்தால் அங்கே உட்கார வையுங்கள். வீட்டிலும் சாம்பிராணிப் புகையை நிறுத்திவிடுங்கள். மூச்சுத் திணறலுக்கு ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைக்கிற பழைய வைத்தியத்தை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கூலர் இல்லாமல் தூங்கமாட்டார், அதன் காற்றில் இருமுகிறார் என்று. என் கண் அங்கேதான் நின்றது. இந்தியாவின் 19 நகரங்களில் 27 மருத்துவமனைகள் சேர்ந்து, நுரையீரல் தழும்பு வகை நோயுள்ள 1,084 பேரை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். அப்பாவுக்கு இருப்பதாக நாம் நினைக்கும், காரணம் தெரியாத வகை நோய் அவர்களில் 14 சதவீதம்தான். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இருந்தது, மூச்சோடு உள்ளே போகும் பூஞ்சை, பறவைத் தூசு முதலியவற்றுக்கு நுரையீரல் ஒவ்வாமை கொண்டு தழும்பாகும் வகை. அந்தப் பாதியில் ஏறக்குறைய பாதிப் பேர் தண்ணீர் ஊற்றும் ஏர்கூலரோடு புழங்கியவர்கள்.

இன்றே கூலரின் பின்பக்கத் தட்டியைக் கழற்றிப் பாருங்கள். வெட்டிவேரோ மரச்சுருளோ பழுப்பேறி, விரலால் தொட்டால் வழவழப்பாக, இடுக்குகளில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? தொட்டியின் அடியில் பச்சைப் பாசியா? போட்டதும் முதல் ஐந்து நிமிடம் ஊறிப்போன சாக்கு வாசம் வருகிறதா? அந்தக் காற்றை அவர் இரவு முழுவதும் முகத்துக்கு நேராக வாங்கிக்கொண்டிருக்கிறார். கழுவிப் பயன்படுத்தலாமே என்று யோசிக்காதீர்கள். அவருடைய அறையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள், மின்விசிறி போதும். மாடியில் புறாக்கூண்டு, ஜன்னல் மேல் புறா எச்சம், ஈரம் ஊறிய சுவர், மக்கிய வைக்கோல் இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்கிற வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். இவை அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லி, 'இது ஒவ்வாமை வகையாக இருக்குமா?' என்று நேரடியாகக் கேளுங்கள். ஸ்கேனை அந்தக் கண்ணோடு மறுபடி பார்ப்பார். அந்த வகை என்றால் காரணத்தை அகற்றுவதே முதல் சிகிச்சை, சிலருக்கு ஸ்டீராய்டும் உதவும், நோயின் போக்கும் வேறு. எந்த மூலிகைச் சாற்றையும்விட, எந்த மாத்திரையையும்விட, அந்தக் கூலரை வெளியேற்றுவது அவருக்குப் பெரிய மருந்தாக அமையலாம்.

அப்பாவுக்கு நாட்டு மருந்தின் மேல் நம்பிக்கை இருந்தால் அதை உடைக்கத் தேவையில்லை. சாப்பாட்டில் மஞ்சள், மிளகு ரசம், தூதுவளைத் துவையல், துளசி போட்ட வெந்நீர் எல்லாம் சமையல் அளவில் தாராளமாக இருக்கட்டும். இரவு இருமலுக்கு இஞ்சிச் சாற்றில் ஒரு சிறு கரண்டித் தேன், சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு கொடுக்கலாம். அதற்கு மேல் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில், பட்டம் பெற்றுப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டையும் ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் காட்டிக் கேளுங்கள். நல்ல சித்த மருத்துவர் எவரும் இருக்கிற மாத்திரையை 48 நாள் நிறுத்து என்று சொல்லமாட்டார்; என்ன கொடுக்கிறார் என்பதையும் எழுதித் தருவார்.

எவ்வளவு காலம் என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். காரணம் தெரியாத வகைக்கு, இந்த மாத்திரைகள் வருவதற்கு முந்தைய கணக்குகளின்படி, நோயைக் கண்டறிந்த பிறகு பாதிப் பேர் வாழ்ந்தது மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். அது கூட்டத்தின் கணக்கு. உங்கள் அப்பாவின் கணக்கு இல்லை. அதைவிட நெடுங்காலம் நடமாடுகிறவர்கள் உண்டு. ஒவ்வாமை வகையாக இருந்து காரணமும் அகன்றால் எதிர்பார்ப்பே மாறும். அவருடைய மருத்துவரிடம் ஒரு நாள் நேரம் கேட்டு, அப்பாவின் விருப்பம் தெரிந்துகொண்டு, இதைப் பேசிவிடுங்கள். 63 வயது என்பதால் நுரையீரல் மாற்று அறுவையைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் இப்போதே கேட்க வேண்டும். 65-ஐத் தாண்டினால் பல இடங்களில் தயங்குவார்கள். சென்னையில் அதைச் செய்யும் மருத்துவமனைகள் இருக்கின்றன. எல்லாருக்கும் பொருந்தாது, செலவும் பெரிது. இருந்தாலும் கேட்காமலே காலம் கடந்துவிடக் கூடாது.

ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும், நிமோனியா தடுப்பூசி மருத்துவர் சொல்லும் முறையில். தினமும் சமதளத்தில் நடை, மூச்சு வாங்கினால் நின்று நின்று. ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கி, உட்கார்ந்திருக்கும்போது மட்டுமல்லாமல் ஆறு நிமிடம் நடந்த பிறகும் விரலில் மாட்டிப் பாருங்கள். நடக்கும்போது ஆக்சிஜன் அளவு 88-க்கும் கீழே இறங்கினால் வீட்டில் ஆக்சிஜன் கருவி தேவைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிஜன் வைத்தால் பழகிவிடும் என்ற பயம் வேண்டாம்.

காய்ச்சலோடோ இல்லாமலோ சில நாட்களுக்குள் மூச்சுத் திணறல் திடீரென்று கூடினால், உட்கார்ந்திருக்கும்போதே அந்த எண் 90-க்குக் கீழே போனால், கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடுங்கள். குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு இரவிலும் 108 ஆம்புலன்ஸ் வரும். ஸ்கேன், மாத்திரைச் சீட்டு, அந்தப் பொடிப் பொட்டலம் மூன்றையும் ஒரே பையில் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் இன்றே மாட்டி வையுங்கள்.